விழுந்தபின் தூக்குவது மட்டுமா வைத்தியம்?

எல்கடுவ மலையிலே ஹுனாஸ் நீர்வீழ்ச்சி இருக்கிறது. நீர் வீழும் அழகைக் காணக் கடல் கடந்தும் மக்கள் வருகின்றனர். அதே மலையின் லயன் வாசலில் ஒரு மூதாட்டி வீழ்ந்தால், அவளைக் காண வருவார் யார்?

"வயதானால் விழுவது இயற்கை" என்று சொல்லி வாளாவிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் வீழ்ந்து மாள்வோர் 684,000 பேர். அவர்களுள் அறுபதைக் கடந்தோரே மிகுதி. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்போரைப் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் தொடர்கின்றன. இதனை இயற்கை என்பது, தடுக்கக் கூடியதைத் தடுக்காதவர் தேடும் சாக்கு.

தடுக்க முடியும். அதற்கென்றே பல நாடுகளில் தனிக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அங்கே முதியவர் படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் இரத்த அழுத்தத்தை அளக்கின்றனர். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரச் செய்து கால்வலுவை அறிகின்றனர். தலைசுற்றலைத் தரும் மாத்திரை எது, கண்ணில் புரை உண்டா என்று ஆராய்கின்றனர். உடற்பயிற்சி மட்டுமே வீழ்ச்சிகளை நூற்றுக்கு 23 அளவு குறைக்கிறது என்று 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. இதற்கு மாளிகை வேண்டாம், மனம் வேண்டும். சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் வ. செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது 1978இல். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது.

நம் நாட்டில் சட்டத்திற்குப் பஞ்சமில்லை. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், நோயுற்ற தொழிலாளியைக் கவனிப்பதும் லயன்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும் தோட்டத்துரையின் கடமை என்றது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கவென்றே பிறந்தது. ஆயினும் கூடை சுமந்தவரை பேருக்குப் பெறுமதி இருந்தது. செக்ரோலில் பேர் அழிந்ததும் ஆளும் அழிந்ததாகவே கொள்ளப்படுகிறது. பாசி படிந்த படி, கைப்பிடியில்லாச் சரிவு, இருளில் நடந்து செல்ல வேண்டிய மலசலகூடம்: இவை விதி வகுத்தவையல்ல, மனிதர் பாராமுகத்தால் நிலைத்தவை.

குற்றம் துரைமார் மீது மட்டுமன்று. சந்தா செலுத்தும்வரை "தோழர்" என்று அழைத்த தொழிற்சங்கங்களாகிய நாமும், சந்தா நின்றபின் அந்த வாசலை மறந்தோம். இதை ஒப்புக்கொள்ளாமல் பிறரைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே கேட்கிறோம்: மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையில் வாரம் ஒருநாள் வீழ்ச்சித் தடுப்புக் கிளினிக் நடத்தப்பட வேண்டும். மலைப்பாதையில் பேருந்தேறி வர இயலாதோரை நாடி, மாதம் ஒருமுறையேனும் அது எல்கடுவ போன்ற தோட்டங்களுக்கு ஏறிவர வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் படிகளைச் செப்பனிட்டு, கைப்பிடியும் விளக்கும் அமைக்க வேண்டும். நம் இளைஞர்கள் லயன் லயனாகச் சென்று, சென்ற ஆண்டில் வீழ்ந்த முதியோரைக் கணக்கெடுக்கட்டும். ஒருமுறை வீழ்ந்தவரே மறுமுறை வீழும் ஆபத்தில் முன்நிற்பவர். அந்தக் கணக்கே நமது மனுவாகட்டும்.

இந்த மலைகளைத் தேயிலை மலைகளாக நிமிர்த்தியவர்கள் இவர்கள். இவர்கள் நிமிர்ந்து நடக்க ஒரு கைப்பிடி கேட்பது பிச்சையன்று, பாக்கி.