தோமா கேட்டதும் அவள் கேட்டதும்

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினேன். தேனாம்பேட்டையில் எங்கள் மாடிவீட்டுப் பெண்ணும் கூட வருகிறேன் என்றாள். மகனைப் பறிகொடுத்து எட்டு மாதம். அஸ்தியைப் பட்டினப்பாக்கம் கடலில் கரைத்தாயிற்று. போய் உட்கார அவளுக்கு ஓர் இடமில்லை. என் வீட்டுக்காரரின் கல்லறையைக் கழுவிச் சாமந்தி வைத்தோம். மெழுகுவத்தி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. இரு கைகளாலும் சுடரை மறைத்துக்கொண்டு கேட்டாள்:

“அக்கா, இவரு எழுந்து வருவாருன்னு நெஜமாவே நம்புறீங்களா?”

“நம்புறேம்மா.”

“அப்ப எம் புள்ள?”

“அவனையும் ஆண்டவர் கையிலதான் விட்டிருக்கேன். தெனமும் அவன் பேரச் சொல்லித்தான் ஜெபம் பண்றேன்.” அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உயிர்ப்பின் நம்பிக்கையை நாலு பேருக்குச் சொல்வது கிறிஸ்தவரின் கடமை. அதை வாய்க்குள் பூட்டிவைக்க என்னால் முடியாது. ஆனால் சொல்கிற விதம் இருக்கிறதே! சில வருடங்களுக்கு முன் என் மாமியாரை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் தலைமாட்டில் ஒருவர் துண்டுப்பிரசுரத்தை வைத்து, விசுவாசித்தால் பிழைப்பீர்கள் என்றார். மறுநாள் காலை அந்த அம்மா இறந்துபோனார். மகள் அந்தத் தாளை நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்திருக்கிறாள். அன்று நான் குனிந்த தலை இன்னும் நிமிரவில்லை.

சமயத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் ஸ்டேனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் குறை காண்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒருவர் மனத்தைத் திருப்புவது கடவுளின் வேலை. கேட்டால் சொல்வதும், கூட இருப்பதும்தான் என் வேலை.

இதை நான் கற்றது நம் ஊர் தோமையாரிடம். உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் அவர். எட்டு நாள் அந்தச் சந்தேகத்தோடேயே அவர்கள் நடுவில் இருந்தார். ஒருவரும் அவரைத் துரத்தவில்லை. ஆண்டவரும் கோபிக்காமல் காயங்களைக் காட்டினார். அந்த எட்டு நாளைப் பற்றி நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்டதில்லை. கி.பி. 72-இல் பரங்கிமலையில் கொல்லப்பட்ட அவரை மயிலாப்பூரில் அடக்கம் செய்தார்கள் என்பது மரபு. அந்த இடத்தில்தான் 1896-இல் கட்டி முடித்த இன்றைய சாந்தோம் பேராலயம் நிற்கிறது.

போன மாதம் மாடிவீட்டுப் பெண்ணே கேட்டதால் அங்கே அழைத்துப் போனேன். கல்லறைச் சிற்றாலயத்துக்குப் படியிறங்கியதும் மெதுவாகக் கேட்டாள்: “நம்பமாட்டேன்னு சொன்னவரு இவருதானா அக்கா?”

ஆமாம் என்றேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.