கோட்டுக்கு வெளியே ஏது ட்ராவல்?

த்ரோ-இன் எடுக்கிற பிள்ளை கோட்டுக்கு வெளியே நின்று காலை மாற்றி வைத்தால் அது ட்ராவல் இல்லை. இல்லவே இல்லை. ஆனால் மார்க்கத்தில் சனிக்கிழமை எந்த ஜிம்முக்குப் போனாலும் ஓர் அங்கிளாவது "ட்ராவல்! ட்ராவல்!" என்று கத்துவார். கோச் இரண்டு கையையும் சுழற்றிக் காட்டுவார். அதைக் கேட்டு ரெஃபரியும் விசில் ஊதிவிடுவார். எனக்குக் கோபம் அங்கிளில் இல்லை, அந்த ரெஃபரியில்தான்.

கனடாவில் நாங்கள் பெரும்பாலும் விளையாடுவது ஃபீபா விதிப்படி. அதில் ட்ராவல் என்பது கோர்ட்டுக்குள் பந்தைப் பிடித்திருப்பவருக்கு மட்டும். வெளியே நிற்பவருக்குப் பிவட் கால் என்று ஒன்றே கிடையாது. ரெஃபரி காட்டிய இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 1 மீட்டர் நகரலாம். பின்னால் இடம் இருக்கிறவரை போகலாம். கோட்டைக்கூட மிதிக்கலாம், ஏனென்றால் கோடு கோர்ட்டின் பகுதி இல்லை. எதிரணி கூடை போட்ட பிறகு என்றால் பின்கோடு முழுக்க ஓடலாம். 5 செக்கனுக்குள் பந்தை விட்டுவிட வேண்டும். (அந்த 5 செக்கன், எங்கள் ஒன்ராறியோ அல்மொன்டில் பிறந்த நெய்ஸ்மித் 1891இல் எழுதிய 13 விதிகளிலேயே இருக்கிறது.)

ஏன் இவ்வளவு சுதந்திரம்? ஒருவர் வெளியே நிற்பதால் உள்ளே நாலு பேருக்கு எதிராக ஐந்து பேர். காலையும் கட்டிவிட்டால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்?

"அமெரிக்காவில் அப்படித்தான்" என்று யாராவது யூட்யூப் வீடியோ காட்டுவார்கள். அங்கேயும் இல்லை. அங்கே பள்ளிக்கூட விதியில் 3 அடி அகல இடம், ஒரு கால் அதில் இருந்தால் சரி.

எரிச்சலான விஷயம் இதுதான். எங்கள் பள்ளி ஜிம்கள் சிலவற்றில் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே 2 மீட்டர்கூட இராது. அப்படியான இடத்தில் காவல் நிற்பவர் 1 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இது உண்மையிலேயே எழுதியிருக்கிற விதி. சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை நிற்கும். எதிரே ஒருவன் மூக்குக்கு முன்னால் கையை வீசுவான். அப்போது ஓர் அங்கிளும் கத்துவதில்லை. அவர்கள் கத்தாததால் ரெஃபரிக்கும் கண் தெரிவதில்லை.

"சின்னப் பிள்ளைகளின் மட்ச்தானே" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தப்பே செய்யாத அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் கோச் என்ன சொல்லிக்கொடுக்கிறார்? "காலை அசைக்காதே." அது சிலை மாதிரி நிற்கிறது. 5 செக்கன் போகிறது, பந்தும் போகிறது.

உங்களில் பதினாறு, பதினேழு வயதில் விசில் எடுத்திருப்பவர்களுக்கு: இடத்தை விரலால் தெளிவாகக் காட்டுங்கள். கையை வீசி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எண்ணுங்கள். கத்தல் வந்தாலும் எண்ணிக்கொண்டே இருங்கள். மட்ச் முடிந்து கோச் சண்டைக்கு வந்தால், த்ரோ-இன் 17ஆம் பிரிவு, ட்ராவல் 25ஆம் பிரிவு. எந்த வரி என்று அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள்.