கையுறையால் கெட்ட கை

கையைக் காப்பதற்கென்று அணிந்த உறையே கையைக் கெடுத்த வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்தோர் பலருடைய கைகளில் வெண்திட்டுகள் தோன்றின. ரப்பர் கெடாதிருக்கச் சேர்த்த மானோபென்ஸோன் என்னும் ரசாயனமே காரணம் என்று 1939இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். உறையை விட்டபின் பலருக்கு நிறம் மெல்ல மீண்டது.

இது நிகழும் விதத்தை அங்கத்தினர்கள் அறிதல் நலம். நம் சருமத்திலுள்ள நிறமி அணுக்கள் டைரோசின் என்னும் பொருளைக் கொண்டு நிறத்தை ஆக்குகின்றன. ஃபீனால் இனத்து ரசாயனங்கள் சில அப்பொருளை ஒத்திருப்பதால், அணுக்கள் ஏமாந்து அவற்றையும் ஏற்கின்றன. அவை உள்ளே நஞ்சாக மாறி அணுக்களை மாய்க்கின்றன.

ரசாயனம் விரைவில் விலகினால், மயிர்க்கால்களில் எஞ்சிய மூல அணுக்களிலிருந்து நிறம் புள்ளி புள்ளியாகத் திரும்பக்கூடும். அதற்கு மாதங்கள் ஆகும். மயிர் முளைக்காத விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் இது அரிது. திட்டிலுள்ள மயிரும் வெளுத்துவிட்டால் நம்பிக்கை குறைவே. விலக்காமல் நாள் கடத்தினாலோ, உடலின் தற்காப்புச் சக்தியே நிறமி அணுக்களைப் பகையென்று தாக்கத் தொடங்கலாம். அப்பொழுது ரசாயனம் படாத இடங்களிலும் திட்டுகள் பரவும். பின்னர் அதை நிறுத்தினாலும் பரவுதல் நில்லாமற் போகலாம்.

ஆதலின் காலமே இதில் முக்கியம். ஆயினும் கையை மறைத்துக்கொண்டு உழைப்பவரை நாம் குறை கூறோம். குஷ்டம் என்று ஊரார் ஒதுக்குவரோ என்னும் அச்சம் ஒருபுறம். கூலி போய்விடுமோ என்னும் கவலை மறுபுறம். இது குஷ்டமன்று, ஒட்டுவதுமன்று. குஷ்டத் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி குன்றும், இதில் குன்றாது. ஐயமிருப்பின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இந்த அச்சத்தையும் கவலையையும் நீக்குவது சங்கத்தின் கடமை என்பதே எமது அபிப்பிராயம். சாயப்பட்டறையிலோ மருந்து தெளிக்கும் வயலிலோ ஒருவர் கையில் திட்டுக் கண்டால், அவர் தொடும் ரசாயனங்களையும் அணியும் உறையையும் குறித்துக்கொண்டு, கூலி குறையாமல் வேறு வேலை தருக. கையுறையே வேண்டாம் என்று எறிந்துவிடுதலும் பிழை. வேறு வகை உறை தருவதே முறை. வீட்டையும் நோக்குக: 2009இல் வெளிவந்த கொல்கத்தா ஆய்வு ஒன்றில், இவ்வாறு நிறமிழந்த 864 பேரிடம் காரணமாகக் கண்டவற்றுள் தலைச்சாயமும் ஒட்டுப்பொட்டும் ரப்பர் செருப்பும் இருந்தன.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனை விவாதித்துத் தீர்மானம் செய்யுமாறு சங்கங்களை வேண்டுகிறோம்.