ரகசியத்தைக் கேட்காதீர்கள், யோசிப்பதைக் கேளுங்கள்

வியாபாரத்தில் வெற்றி கண்ட ஒருவரிடம் "உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி என்று பதில் வரும். அதை எழுதிக்கொண்டு, 'தொழில்முனைவரின் சிந்தனை' என்று தலைப்பும் வைத்துவிடுகிறோம். மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களில் இது வழக்கமாகிவிட்டது. இதை ஆய்வு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் பொய் சொல்வதில்லை. ஆனால் நம் முடிவுகளுக்கான காரணம் பல நேரங்களில் நமக்கே தெரிவதில்லை. உளவியலாளர்கள் நிஸ்பெட், வில்சன் இருவரும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனையைக் குறிப்பிட்டார்கள். ஒரே மாதிரியான 4 ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் எடுத்தார்கள். ஆனால் இருந்த இடம்தான் காரணம் என்று ஒருவர்கூடத் தாமாகச் சொல்லவில்லை. காலுறைக்கே இப்படியென்றால், 20 ஆண்டுகளுக்கு முன் எடுத்த வணிக முடிவை எப்படி நம்புவது?

சிந்திக்கும்போதே வாய்விட்டுப் பேசவைப்பது ஒரு வழி. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும் ஆண்டர்ஸ் எரிக்சனும் இம்முறையைச் செம்மைப்படுத்தினர். சைமனிடம் பயின்ற சரஸ் சரஸ்வதி, அனுபவமிக்க 27 தொழில்முனைவர்களிடம் இதைப் பயன்படுத்தினார். கற்பனையான ஒரு கணினி விளையாட்டைக் கொடுத்து, அதைக் கொண்டு தொழில் தொடங்கச் சொன்னார். பாடநூல் சொல்வதுபோல் இலக்கு வகுத்துச் சந்தை ஆய்வில் இறங்கியவர்கள் குறைவு. 'கையில் என்ன இருக்கிறது? யாரைத் தெரியும்? எவ்வளவு இழந்தால் தாங்கலாம்?' என்றுதான் பெரும்பாலோர் யோசித்தார்கள்.

எல்லாக் கேள்விக்கும் இம்முறை பொருந்தாது. தொழில் நொடித்தபோது ஒருவர் பட்ட வேதனையை அறிய நேர்காணலே சிறந்தது. எண்ணம் மாதக்கணக்கில் மாறுவதைக் காண நாட்குறிப்பு வேண்டும். பழக்கமாகிவிட்ட முடிவுகளை அறிய, கடையிலேயே இருந்து கவனிக்க வேண்டும். வெப்பத்தை அளக்கத் தராசை எடுப்போமா? கேள்வியை முடிவு செய்த பிறகே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை நாசி லெமாக் கடைக்காரரைப் பேட்டி காணப் போனால், ரகசியத்தைக் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். "நாளை முட்டை விலை ஏறினால் என்ன செய்வீர்கள்? யோசிப்பதை அப்படியே சொல்லுங்கள்" என்று கேட்கட்டும். இடையில் 'ஏன்' என்று கேட்கக் கூடாது. கேட்டால் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். அவர் மௌனமானால், "தொடர்ந்து பேசுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதும்.