இல்லாத காலில் வலியா?



மிதிவெடியில் காலை இழந்த ஒருவர், "பாதம் எரியுது, விரல் இழுக்குது" என்று இரவில் தவித்தால், கால் இல்லாத இடத்தில் வலி எப்படி வரும் என்று வீட்டார் கேட்பதுண்டு. அது பாசாங்கல்ல. கால் போனாலும், அதை உணர்ந்த பகுதி மூளையில் இருக்கிறது.

சென்னையில் மருத்துவம் பயின்ற தமிழரான மூளை ஆய்வாளர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில், கை இழந்தோரின் இவ்வலிக்குச் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். காலுக்கும் அதே முறைதான். இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் விம்பத்தைப் பார்த்தபடி அதை மெல்ல அசைக்க வேண்டும். இழந்த காலே அசைவது போல் மூளைக்குத் தோன்றுகிறது.

2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாளுக்கு 15 நிமிடமாக நான்கு வாரம் இப்படிப் பயின்ற 6 பேருக்கும் வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை. சிலருக்குத் தலைசுற்றலும் வரலாம். எனவே, வைத்தியரிடமோ பிசியோதெரபி செய்பவரிடமோ கேட்டே தொடங்குங்கள்.

நிலாவெளியில் உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி வலிப்பவர் இருந்தால், முதலில் அவர் சொல்வதை நம்புங்கள். வலியை மறைப்பவருக்கு வைத்தியம் கிடைக்காது.