கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?

ஆடி மாதம் நெருங்கும்போது பழுகாமத்து இல்லங்களிற் பேச்செல்லாம் கதிர்காமத்தைப் பற்றியதாகிவிடும். கால்நடையாகச் செல்லும் அடியார்கள் திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகக் கூமுனைக் காட்டினுட் புகுந்து நடப்பார்கள். ஏனையோர் குடும்பமாகச் சேர்ந்து வாகனம் அமர்த்தி, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், மொனறாகலை, புத்தல ஆகிய ஊர்களினூடே செல்வார்கள். நேர்த்திக்கடனும் உல்லாசப் பயணமும் ஒன்றாய் அமையும் இப்பயணத்தில் ஒரு கேள்வி எப்போதும் எழும். மச்சம் நீக்கி விரதங் காக்கும் குடும்பம் வழியிலும் விடுதியிலும் எதனை உண்பது? கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்று நம் முன்னோர் கேட்டு வைத்தனர். அதற்கு விடை தேடுவதே இவ்வாரம் நமது நோக்கம்.

இதனைச் சிறு விடயமென்று தள்ளிவிடுதல் தகாது. ஆயத்தமின்றிப் புறப்படும் குடும்பத்தில் முதலிற் பட்டினி கிடப்பவர் அம்மம்மாதான். “எனக்குப் பசியில்லை மகள், ஒரு தேத்தண்ணி போதும்” என்று அவர் கூறும்போது, பிறருக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்பதே அதன் பொருள். அவர் நீரிழிவுக்கு மருந்து உண்பவராயின், ஒரு வேளை உணவு தவறுவது மயக்கத்திற் கொண்டுபோய் விடவுங்கூடும். இரண்டாவதாகப் பட்டினி கிடப்பவர் வீட்டுத் தாயார். எல்லோருக்கும் பரிமாறிய பின் எஞ்சியது எதுவுமில்லையெனில் அவருக்கும் எதுவுமில்லை. விரதம் என்பது நாமே விரும்பி ஏற்கும் கட்டுப்பாடு. முன்யோசனைக் குறைவால் விளையும் பட்டினியை விரதமென்று சொல்லுதல் பொருந்தாது.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. உலகில் எங்கு சென்றாலும் தம் உணவு விதியைக் கைவிடாது காப்பவருள் யூதர் முதன்மையானவர். அவர்கள் உண்ணத் தகுந்ததைக் ‘கோஷர்’ என்பர். செதிளும் செட்டையும் உள்ள மீன் அவர்களுக்கு ஆகும். இறாலும் நண்டும் ஆகா. இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சமைப்பதில்லை, ஒன்றாக உண்பதுமில்லை. இரண்டிற்கும் வெவ்வேறு பாத்திரங்கள் வைத்திருப்பர். விலக்கப்பட்ட உணவு உலோகப் பானையிற் கொதித்திருந்தால், அதனைத் துலக்கிக் கொதிநீரில் அமிழ்த்தித் தூய்மையாக்கலாம். மண்பாத்திரத்திற்கோ அவ்வழி இல்லை. மண் உட்கொண்டதை விடாது என்பது அவர்தம் கொள்கை.

இதனைப் படிக்கும் படுவான்கரை இல்லத்தரசியர் முகத்தில் முறுவல் தோன்றும் என்பதில் ஐயமில்லை. வாவி மீனும் இறாலும் நாள்தோறும் காயும் நம் அடுக்களைகளிலும், விரத நாளுக்கென்று தனிச் சட்டி பானை பரணில் இருக்கின்றதன்றோ? மீன் காய்ச்சிய சட்டியிற் பொங்கல் வைப்பார் நம்மிடையே எவருமில்லை. ஆசாரம் முதலிற் பாத்திரத்திலே தங்குகின்றது. ஆகவே பயணத்திற்குப் பொதி கட்டும்போதும் அரிசிக்கு முன்னே பாத்திரத்தைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

மண்சட்டி வழியில் உடையும். அதனை வீட்டிலேயே விட்டுவிடலாம். மூடியுள்ள இரண்டு உலோகப் பாத்திரங்கள், ஓர் அகப்பை, ஒரு கத்தி, ஒரு சிறு பலகை, ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு குவளை ஆகிய இவையே போதும். இவற்றைத் தனித் துணியிற் பொதிந்து, வேறெதற்கும் எடாது வைக்க வேண்டும். விடுதியின் பொது அடுப்பில் முன்பு எது வெந்ததோ நாம் அறியோம். ஆயினும் பானையும் அகப்பையும் நம்முடையவையாயின் மனம் அமைதியுறும். யூதப் பயணிகளும் இத்தகைய யுக்தியைக் கையாளுவதுண்டு. பிறருடைய சூட்டடுப்பை உபயோகிக்க நேரும்போது உணவை இரட்டை உறையிட்டு மூடி உள்ளே வைப்பர். அடுப்பு பொதுவாயிருக்கலாம், உணவைத் தொடும் பொருள் மட்டும் தமதாயிருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

இனி உணவைப் பற்றிக் கூறுவோம். முதல் நாளுக்கே கட்டுச்சோறு உரியது. புளிச்சோறு அதற்கு ஏற்றது. புளியும் உப்பும் நல்லெண்ணெயும் அதனைச் சில மணி நேரம் காக்கும். ஆனாற் சூட்டோடு மூடிக் கட்டுதல் பெருந்தவறு. சோற்றில் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாது தங்கியிருக்கும். மூடிய சூட்டில் அவை பெருகி நஞ்சைப் பிறப்பிக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் நீங்காது. ஆதலாற் சோற்றை அகன்ற தட்டிற் பரப்பி விரைவாக ஆறவிட்டு, உலர்ந்த பாத்திரத்தில் அடைத்து, காலையிற் கட்டியதை நண்பகலுக்குள் உண்டு முடித்தல் வேண்டும். எஞ்சியதை இரவுக்கு வைத்திருத்தல் ஆகாது.

தேங்காய்ப்பால் விட்ட கறியும் சொதியும் வெயிலில் விரைந்து கெடும். அவற்றைக் கட்டிச் செல்லலாகாது. முழுத் தேங்காயோ பல நாள் தாங்கும். திருவலை ஒன்றையும் உடன் கொண்டு சென்றால் வேண்டியபோது பால் பிழிந்துகொள்ளலாம். இவ்விடத்திற் கொச்சி யூதரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். மட்டாஞ்சேரியில் அவர்கள் 1568 ஆம் ஆண்டிற் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கின்றது. அவர்களிற் பெரும்பாலோர் 1948 இன் பின்னர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இறைச்சியோடு பால் சேர்க்கலாகாது என்னும் விதியைக் காத்துக்கொண்டே, மலையாள நாட்டுத் தேங்காய்ப்பாலாற் கறி சமைத்து உண்டவர் அவர். விதியும் மாறவில்லை, சுவையும் குன்றவில்லை. விதியை நன்கறிந்தவருக்கே அதற்குள் உள்ள வழிகளும் தெரியும்.

இரண்டாம் நாள் முதல் உலர்ந்த பொருள்களே துணை. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசியும் 30 கிராம் பருப்பும் எனக் கணக்கிடலாம். ஐவர் கொண்ட குடும்பம் மூன்று நாள், நாளுக்கு இரு வேளை சமைத்துண்ண, 3 கிலோ அரிசியும் ஏறத்தாழ ஒரு கிலோ பருப்பும் போதுமானவை. அரிசி, பருப்பு, மஞ்சள், உப்பு ஆகியவற்றை வேளைக்கொரு பொதியாக வீட்டிலேயே அளந்து கட்டிவிட்டால், களைத்து வந்து சேரும் இடத்தில் எவரும் அதனைப் பானையிலிட்டு வேகவைக்கலாம். உருளைக்கிழங்கு, பூசணி, வாழைக்காய் என்பன நசியாது வரும் மரக்கறிகள். அடுப்பே கிடையாத வேளைக்கு அவல், பொரிவிளாங்காய், எள்ளுருண்டை, வாழைப்பழம் ஆகியவை உதவும். அவலை ஆறிய கொதிநீரில் ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்தால், ஒரு வேளைப் பசி அடங்கும். நீரிழிவுள்ளோர் சர்க்கரையை விடுத்து, தயிரும் உப்பும் சேர்த்து உண்பாராக.

உகந்தைக்கு அப்பாற் காட்டுவழி செல்வோருக்குக் கடைகள் இல்லை, சுமப்பதெல்லாம் தோளிலேதான். அவர்கள் பாரத்தைக் குறைக்கவேண்டி, நீர் மிகுந்த பொருள்களை விலக்கி உலர்ந்தவற்றையே கொள்ளுதல் நன்று. உணவின் மணம் யானையை அழைக்கும் என்பதையும் மறத்தலாகாது. எச்சிலையும் பொலித்தீன் உறைகளையும் காட்டில் விட்டு வருதல், விரதங் காத்த பயனையே கெடுப்பதாகும்.

வழியில் வாங்கி உண்போர் ஒரு மறைபொருளை அறிந்திருத்தல் அவசியம். அதுவே மாசிக் கருவாடு. கடைகளில் விற்கும் சீனிச்சம்பலிலும் தேங்காய்ச் சம்பலிலும் மாசி இடித்துச் சேர்ப்பது இந்நாட்டில் வழக்கம். சில கடைகளிற் பருப்புக் கறியிலும் அது கலந்திருக்கும். பருப்பு வடையும் இறால் வடையும் ஒரே எண்ணெயிற் பொரிவதும் உண்டு. சோயாமீற் பொதிகளிலும் கோழிச் சுவை, இறாற் சுவை எனப் பலவகை இருக்கின்றன. ஆகவே “மரக்கறியா?” என்று மட்டும் கேளாது, “மாசி போட்டதா?” என்று கேட்க வேண்டும். இந்தியப் பொதிகளில் மரக்கறி உணவுக்குப் பச்சைப் புள்ளி இருக்கும். யூதரும் பொதிகளிற் கோஷர் முத்திரையைத் தேடுவர். தேங்காய்ப்பால் மாவிற் சிலவற்றிற் பசுப்பாலின் புரதம் சேர்ந்திருக்கும். சைவருக்கு அதனாற் குற்றமில்லை, யூதருக்கோ அது பாற்பொருளாகிவிடும். பொதியின் பின்புறத்தை வாசித்துச் சொல்லும் பொறுப்பைப் பாடசாலை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். அது அவர்களுக்கும் ஒரு கல்வியாகும்.

தங்குமிடத்தில் அடுப்பு உண்டா, மின்சாரத்திற் சோறு சமைக்கும் பானையை உபயோகிக்க இடந்தருவார்களா என்பதை அறை பேசும்போதே கேட்டறிதல் வேண்டும். அனுமதி உண்டாயின் அப்பானை ஒன்றே பெருந்துணையாகும். அரிசியும் பருப்பும் நறுக்கிய மரக்கறியும் ஒன்றாய் அதில் வெந்துவிடும். அனுமதியின்றி அறையினுள் அடுப்பு மூட்டுதல் ஆபத்தாகும்.

நிறைவாக ஒன்று. நம் ஒழுக்கம் பிறரைச் சுடும் கோலாகிவிடலாகாது. அன்போடு தேநீர் நீட்டும் கையை “உங்கள் குவளை ஆகாது” என்று தட்டிவிடுதல் எவ்விரதத்திலும் சேராது. “நாங்கள் விரதம்” என்னும் இன்சொல்லே போதும். குழந்தைகளையும் நோயாளரையும் கட்டுப்பாட்டால் வருத்துதலும் தகாது. இத்தனை விதிகளைக் கொண்ட யூத சமயமும், உயிருக்கு ஆபத்து நேருமிடத்து உணவு விதி விலகி நிற்க வேண்டுமென்றே கூறுகின்றது. மேலும், பொதி கட்டுவது, சமைப்பது, துலக்குவது அனைத்தையும் ஒரு தாயின் தலையிற் சுமத்திவிட்டு ஏனையோர் விடுமுறை கொண்டாடுவது முறையன்று. அகப்பையை ஒருநாள் தந்தையாரும் பிடிக்கட்டும்; பாத்திரங்களைப் பிள்ளைகள் துலக்கட்டும். அப்பொழுது கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்னும் கேள்விக்குக் குடும்பம் முழுவதும் சேர்ந்து விடை கூறிவிடும்.