மாத்தளை மலைகளில் யார் எங்கே வாழ்கின்றனர்?

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் ஆரம்பமான நடைபயணம் ஓகஸ்ட் 12 ஆம் திகதி நிறைவுற்றது. அது முடிவடைந்த இடம் ஹற்றனோ நுவரெலியாவோ அன்று, மாத்தளை. மலையகம் என்றவுடன் தேயிலைக் கொழுந்தையும் நுவரெலியாவின் பனிமூட்டத்தையும் மட்டுமே நினைத்துப் பழகிய பலருக்கு இது சற்று வியப்பாக இருந்திருக்கக் கூடும். ஆயினும் வரலாறு அறிந்தோருக்கு இதில் வியப்பேதுமில்லை. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வன்னிக் காடுகளினூடாகத் தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக வந்து சேர்ந்த மலைவாசல் மாத்தளையே. வழியில் வாந்திபேதிக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் பலியானோர் எத்தனை ஆயிரம் என்பதை எந்தப் பதிவேடும் சரியாகக் கூறவில்லை. உயிர்தப்பி வந்தோரின் முதல் வழிபாட்டிடங்களுள் ஒன்றாகவே மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தை அம்மக்கள் இன்றும் கருதுகின்றனர். மாசி மகத்தில் அங்கு பஞ்சரதங்கள் வீதி வலம் வருவதை நாடே அறியும்.

இத்தனை தொன்மையான உறவு இருந்தும், இன்று மாத்தளை மாவட்டத்தில் தமிழர்கள் எங்கே வாழ்கின்றனர் என்று வினவினால் தெளிவாகப் பதிலளிக்கக் கூடியவர்கள் மிகச் சிலரே. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 4 இலட்சத்து 84 ஆயிரம். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்துப் பதியப்பட்ட இரு பிரிவினரையும் சேர்த்தால் சுமார் பத்து சதவீதம். முஸ்லிம்கள் ஒன்பது சதவீதத்தைச் சற்றுத் தாண்டுவர். ஆயினும் இம்மக்கள் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் ஒரே சீராகப் பரந்திருக்கவில்லை. ரத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்கைக் கோறளை, மாத்தளை என்று மாவட்டத்தின் தென்புற மலைச்சரிவுகளிலேயே தமிழர்கள் செறிந்துள்ளனர். கொங்காவலை, வரக்காமுறை, உக்குவளை, வடமேற்கே கலேவளை என்று முஸ்லிம் ஊர்கள் பெரும்பாலும் வீதியையும் சந்தையையும் ஒட்டி அமைந்துள்ளன. வில்கமுவவிலும் லக்கலையிலும் இவ்விரு சமூகத்தினரையும் காண்பது அரிது.

கண்டி இராச்சிய காலத்தில் தவளம் ஓட்டி உப்பும் கருவாடும் கொண்டுசென்று பாக்குடன் திரும்பிய முஸ்லிம் வணிகர்களுக்குப் பாதை முக்கியமாக இருந்தது. கோப்பித் தோட்டத்துக் கூலிக்குத் துரை காட்டிய மலைதான் ஊர். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்ததால் ஒரு தோட்டத்தில் ஒரே கிராமத்தவர் பலர் இருந்தனர். 1869 இல் இலை நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கிய பின்னர் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் ஏலமும் அம்மலைகளில் ஏறின. பயிர்கள் மாறின. லயன்கள் மாறவில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் குடியேற்றம் இவ்வாறே நிகழ்கின்றது. அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்டேல் நகரில் பசுபிக் சமுத்திரத்து மார்ஷல் தீவு மக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். கடலே இல்லாத அம்மாநிலத்துக்குத் தீவு மக்கள் வந்ததன் காரணம் அங்குள்ள கோழி இறைச்சி ஆலைகள். 1980களில் ஓரிருவர் வேலைக்கு வந்தனர். பின்னர் உறவினர் உறவினரை அழைத்துக்கொண்டனர். 1986 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அவர்களை விசாவின்றி வாழவும் உழைக்கவும் அனுமதித்தது. ஆனால் வரி செலுத்தி உழைத்த அவர்களுக்கு அரசாங்க மருத்துவ உதவி 1996 இல் மறுக்கப்பட்டு, 2020 இறுதியிலேயே மீள வழங்கப்பட்டது. உழைப்பை ஏற்றுக்கொள்வதும் உழைப்பவனைப் புறத்தே நிறுத்துவதும் வல்லரசுக்கும் கைவந்த கலைதான் போலும். எனினும் அங்கே பிறக்கும் மார்ஷல் குழந்தை பிறப்பாலேயே அமெரிக்கப் பிரஜை. இங்கோ, 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மண்ணிலேயே பிறந்த இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அத்தவறு முழுமையாகத் திருத்தப்பட 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டுமெனத் தலை எண்ணிப் பங்கிட்டது. மலைநாட்டிலிருந்து அவ்வாறு சென்றோர் பலரின் பிள்ளைகள் இன்று நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழ்கின்றனர்.

மாத்தளையில் எஞ்சியோரின் கதை வேறு விதமானது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின்னர் கண்டி, மாத்தளை மாவட்டங்களின் இடைநிலத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. காணியற்ற கிராமத்தவருக்குக் காணி வழங்கியதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதே மண்ணில் தலைமுறைகளாக வியர்வை சிந்தியவன் காணியற்றவர் பட்டியலில் சேர்க்கப்படவேயில்லை. வேலையும் உணவும் இன்றிப் பட்டினியில் வாடிய குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. 1983 ஜூலையில் மாத்தளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது மேலும் பலர் வெளியேறினர். நக்கிள்ஸ் மலைத்தொடரில் வனப் பாதுகாப்பின் பொருட்டு ஏலச் செய்கை கட்டுப்படுத்தப்பட்டதும் அதை நம்பி வாழ்ந்தோரின் பிழைப்பைப் பாதித்தது. காட்டைக் காப்பது அவசியமே. காட்டுக்குள் வேலை செய்தவனுக்கு மாற்றுவழி காட்டுவதும் அவசியமன்றோ?

இவ்வாறு சிதறியதன் விளைவு எண்களிலும் தெரிகின்றது. 2012 இல் நாட்டின் சனத்தொகையில் 4.1 சதவீதமாகப் பதிவான இந்திய வம்சாவளி மலையகத் தமிழர், 2024 குடிசன மதிப்பீட்டில் 2.8 சதவீதமாகக் குறைந்துள்ளனர். மக்கள் மறைந்துவிடவில்லை. வெளிநாடு சென்றோரும் உளர், 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டோரும் உளர். பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட அச்சம் பாட்டனிடமிருந்து பேரனுக்கும் வந்திருக்கையில், 'இந்திய' என்னும் அடைமொழியை ஒருவர் தவிர்ப்பதை எவ்வாறு தவறென்பது? ஆனால் ஒதுக்கீடுகளும் விசேட திட்டங்களும் இவ்வெண்களை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன என்பதை அம்மக்களின் தலைவர்கள் இன்னும் போதியளவு எடுத்துரைக்கவில்லை என்றே கூறவேண்டும்.

எண்ணிக்கையை விடவும் கூர்மையான வினா, காணி. நடைபயணம் மாத்தளையில் நிறைவுற்ற சில நாள்களிலேயே, அதே மாவட்டத்தின் எல்கடுவ பகுதித் தோட்டமொன்றில் ஒரு குடும்பம் தற்காலிகமாக அமைத்திருந்த குடியிருப்பு தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தோரால் உடைத்தெறியப்பட்டது. அக்காட்சியை நாடே பார்த்தது. அமைச்சர்கள் விரைந்தனர், அறிக்கைகள் வெளிவந்தன. லயன் அறை போதாமல் ஒரு குடும்பம் அருகே கூரை போட்டால் அது அத்துமீறல் என்று கூற முடிவது, அம்மக்களிடம் உறுதிப் பத்திரம் இல்லாததனாலேயே. தனி விலாசம் இல்லாததால் கடிதம் கூடத் தோட்டக் காரியாலயத்தினூடாகவே வந்துசேரும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவை வழங்க இடமளிக்கும் சட்டத் திருத்தமே 2018 இல்தான் வந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைப் புரட்டியெடுத்தபோது மாத்தளை மாவட்டத்திலும் மண் சரிந்தது. வீடிழந்தவனுக்கு உதவி என்கையில், தனக்கென ஒரு வீடோ காணியோ பதிவில் இல்லாதவன் எதை இழந்ததாகக் காட்டுவான்?

இவ்விடயத்தில் முஸ்லிம் வாசகர்களும் அக்கறை கொள்ள வேண்டியதற்குக் காரணமுண்டு. இதே மாவட்டத்தின் தம்புள்ளையில் 2012 ஏப்ரல் 20 ஆம் திகதி, வெள்ளிக்கிழமையன்று, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. புனித பூமி என்ற பெயரில் அதை அகற்றக் கோரியவர்களின் பட்டியலில் அருகிலிருந்த பத்திரகாளியம்மன் ஆலயமும் இருந்தது. அவ்வாலயம் 2013 இல் இடிக்கப்பட்டது. தொழுமிடத்துக்கும் கும்பிடுமிடத்துக்கும் அன்று எழுப்பப்பட்ட கேள்வி ஒன்றே: உங்கள் உறுதி எங்கே? ஐந்து பாராளுமன்ற ஆசனங்களைக் கொண்ட மாவட்டத்தில் தலா ஒன்பது, பத்து சதவீதமாயுள்ள இரு சமூகங்களும் தனித்தனியே வாக்குகளைச் சிதறடித்துவிட்டு, இக்கேள்விக்கு எங்கிருந்து பதில் தேடப்போகின்றன என்பது எமக்கு விளங்கவில்லை.

ஏனைய மாவட்டங்களில் தோட்டக் காணிகள் தனியார் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டுள்ளதால் காணி பிரித்து வழங்குவதில் சிக்கல் உண்டென்று அரசாங்கங்கள் கூறிவந்துள்ளன. மாத்தளையில் அக்காரணம் முழுமையாகப் பொருந்தாது. எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி அரசுக்குச் சொந்தமானது. குறைந்தபட்சம் அதன் தோட்டங்களில் குடியிருப்போருக்கேனும், மண்சரிவு அபாயமற்ற இடங்களை அளந்து, கணவன் மனைவி இருவரின் பெயரிலும் உறுதி எழுதிக் கொடுக்கும் பணியைப் பிரதேச செயலகங்கள் இவ்வருடமே ஆரம்பிக்கலாம். ரத்தோட்டையும் உக்குவளையும் இதற்குப் பொருத்தமான இடங்களாகும்.